‘பா’ வரும் வரை

இன்றைக்கும் வரவில்லை. உதடு இரண்டும் சரியாகத்தான் சேர்கின்றன, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, கன்னம் ஒரு கணம் உப்பி அடங்குகிறது, காற்று உள்ளே இறங்குவதுகூட அவர் கழுத்து நரம்பில் எனக்குத் தெரிகிறது, ஆனால் இறங்கிய காற்று திரும்பி மேலே வருவதற்குள் ஆவுடையம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு அதை விழுங்கிவிடுகிறார், விழுங்கிவிட்டு மேஜையைப் பார்க்கிறார். பதினோராவது செவ்வாய்க்கிழமை இது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு ‘பா’. அது வந்துவிட்டால் ‘டா’ வரும், ‘டா’ வந்தால் ‘கா’ வரும், வல்லெழுத்தெல்லாம் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரும், மெல்லெழுத்துதான் கஷ்டம், ‘அப்பா’ சுலபம், ‘அம்மா’ கஷ்டம், குரல்வளை இருக்கிற குழந்தைக்கு அம்மாவும் எங்களுக்கு அப்பாவும் முதலில் வருவது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் குரல்வளை கிடையாது. புற்று என்று அறுத்து எடுத்துவிட்டார்கள், எனக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால், இவருக்குப் போன பங்குனியில். மூச்சு இப்போது கழுத்தடியில் இருக்கிற துளை வழியாகப் போய் வருகிறது, வாய்க்கும் மூச்சுக்கும் உறவு அறுந்து போயிற்று. மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க முடியாது, சூடான டீயை ஊதிக் குடிக்க முடியாது, பினாயில் வாசனையா பிரியாணி வாசனையா தெரியாது. சிரித்தால் சத்தம் வராது. அழுதாலும் வராது. பேச ஒரே வழி, வாயில் இருக்கிற காற்றை உணவுக்குழாய்க்குள் தள்ளி, அது வயிற்றுக்குப் போகுமுன் திருப்பி மேலே இழுத்து, அந்த அதிர்வில் எழுத்தைச் செய்வது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதை ஒரே வார்த்தையில் சொல்வேன். ஏப்பம். ஏப்பத்தைப் பிடித்து எழுத்தாக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. இந்த ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், பேச்சுப் பயிற்சி அறையில், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஞானதுரையாகிய நான் சொல்லிக் கொடுப்பது அவ்வளவுதான்.

இன்னொரு தடவை, என்று விரலைக் காட்டுகிறேன். சேர்க்கிறார், ஒட்டுகிறார், விழுங்குகிறார். போயிற்று. காலையில் வெளியே பெஞ்சில் இவர் வீட்டுக்காரர் கருத்தபாண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று ரெண்டு தடவை தொண்டையைச் செருமினார், எனக்கு அந்தச் செருமலைக் கேட்டாலே பொறாமையாக இருக்கும், என்ன சுலபமாகச் செருமுகிறார்கள் எல்லோரும். “அண்ணாச்சி, தப்பா நினைக்காதீய. கார் நெல்லு அறுப்பு ஆரம்பிச்சிட்டு. முக்கூடல்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வாரது எனக்கு ஒண்ணும் இல்ல, அவளுக்குத்தான் முடியல. இங்க வந்துட்டுப் போனா ராத்திரி பூரா வயிறு உப்பிப் போயி சுருண்டு படுத்துக்கிடுதா. இன்னைக்கோட நிப்பாட்டிக்கிடுவோமா?” நான் உடனே பதில் சொல்லவில்லை, எனக்குப் பதில் சொல்ல எப்போதுமே கொஞ்ச நேரம் பிடிக்கும், காற்றைச் சேர்க்க வேண்டும், அந்த நேரத்தை மற்றவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். “அந்த மெஷின், கழுத்துல வச்சுப் பேசுவாங்களே, அதுவும் வேண்டாங்கா. ஒண்ணும் வேண்டாமாம். எழுதிக் காட்டுனா போதுமாம்.” அவர் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாகப் பென்சில் எழுத்து. உப்பு குறைச்சல். மாட்டுக்குத் தண்ணி. மருமகன் எப்ப வாரான். இடையில் ஒரு பக்கத்தில் தனியாக, அழுத்தி எழுதியிருந்தது: ஆம்பளைக் கொரல் வரும்னா எனக்கு வேண்டாம். கருத்தபாண்டிக்கு அந்தப் பக்கம் திறந்திருந்தது தெரியவில்லை, அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தம்மா எழுதிக் காட்டுகிறார், வீட்டுக்காரருக்கு வாசிக்கத் தெரியாது. அப்போது யார் வாசிக்கிறார்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசித்துக் காட்டுமாம். காலையில் உப்பு குறைச்சல் என்று எழுதியது சாயங்காலம் நாலரைக்குப் புருஷனுக்குப் போய்ச் சேர்கிறது. பார்ப்போம், என்றேன் நான், ‘பார்’ சுலபம், ‘போம்’ சரியாக வராமல் ‘போ’ என்றே முடிந்தது, அவர் பயந்து எழுந்து நின்றுவிட்டார்.

எனக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். மின்வாரியத்தில் வயர்மேன் நான், கம்பத்து மேலேயிருந்து கீழே கத்துவதுதான் என் பேச்சு, லைன் ஆஃப், ஏணியப் பிடி, கயித்த விடு. ஆபரேஷனுக்குப் பிறகு கம்பத்தில் ஏறக்கூடாது என்று ஸ்டோருக்கு மாற்றினார்கள், போல்ட்டுகளோடும் மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் கிண்ணங்களோடும் இருந்தேன், அவற்றுக்குப் பேச்சு தேவையில்லை, எனக்கும் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டிருந்தேன். இங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற நஸ்ரின் பிள்ளைதான் விடவில்லை. அப்போது படித்து முடித்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, என் மகளைவிட இரண்டு வயது சின்னது, நான் மேடம் என்பேன், அது என்னை சார் என்னும். “சார், புஸ்தகத்துல இருக்கிறத நான் சொல்லித் தாரேன், ஆனா எனக்கு அந்தச் சத்தம் எப்படிப் போடுறதுன்னு தெரியாது, எனக்குக் குரல்வளை இருக்கு, நீங்கதான் கண்டுபிடிக்கணும்” என்று நேராகச் சொல்லிவிட்டது, அந்த நேர்மைக்காகத்தான் திரும்பத் திரும்ப வந்தேன். பன்னீர் சோடா குடிக்கச் சொல்லும், வருகிற ஏப்பத்தின் மேல் ‘பா’வை ஏற்றச் சொல்லும். ஒரு மாதம் சோடா குடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையில், கழுத்துத் துளைக்குள் தண்ணீர் போய்விடுமோ என்ற பயத்தோடு இடுப்புக்குக் கீழே மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன், எனக்கு அந்தப் பயம் இன்றும் உண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் போதும் ஆளை முடிக்க, அப்போது எதையோ நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன், ‘பா’ என்று சுவரில் மோதித் திரும்பி வந்தது. நான்தானா? வெளியே கிரேஸ் “யாருங்க உள்ள?” என்றாள். என் மனைவி, நான் குளிக்கிற இடத்தில் யார் இருக்கிறது என்று கேட்கிறாள். அதற்கு நான் சொன்ன பதில் இரண்டாவது ‘பா’.

அதன் பிறகு நஸ்ரின் பிள்ளைதான் கேட்டது, “சார், புதுசா ஒருத்தர் வந்திருக்கார், நீங்க ஒரு நாள் வந்து பேசிக் காட்டுறீங்களா?” என்று. ஒரு நாள் என்றது ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இதுவரை ஏழு பேர், ஏழு பேரும் ஆண்கள். திசையன்விளைக்காரர் ஒருவர் பதினைந்தே நாளில் பிடித்துக்கொண்டார், பிடித்ததும் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் தன் தம்பியைத் திட்டியது, நான்கு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த திட்டு. ஒருவர் பேசக் கற்றுக்கொண்டு எட்டு மாதத்தில் இறந்து போனார். அவர் சம்சாரம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த எட்டு மாதமும் அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார் அண்ணாச்சி என்றது. ஒவ்வொருவரும் எப்படி எப்படி என்று கேட்கக் கேட்கத்தான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது, நாக்கின் எந்த இடம் அழுத்துகிறது, எந்த நொடியில் தாடை தளர்கிறது, அதுவரை ஏதோ வருகிறது என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன், அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகத் தேடித் தேடி என் பேச்சு இரண்டு எழுத்திலிருந்து ஐந்து எழுத்து, ஏழு எழுத்து என்று நீண்டது. அவர்களுக்குக் கொடுத்ததைவிட நான் எடுத்துக்கொண்டது கூட. இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்னொன்றும் சொன்னதில்லை. வீட்டில் நான் ‘சா’ என்று ஆரம்பித்தால் கிரேஸ் ‘சாப்பாடா, எடுத்து வைக்கேன்’ என்று முடித்துவிடுவாள், அன்பாகத்தான், நான் திணறுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது, சில நாள் நான் சாவி என்று சொல்ல வந்திருப்பேன், எதிரில் சாப்பாடு வந்துவிடும், சாப்பிட்டுவிடுவேன். இங்கே செவ்வாய்க்கிழமை என் பேச்சை யாரும் முடித்துவிடுவதில்லை. வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இந்த அறையில் என்னைப்போல் பேச யாருக்கும் தெரியாது. அப்படியானால், இந்தம்மாவை நிறுத்தவிடாமல் நான் பிடித்து வைத்திருப்பது யாருக்காக? வயிறு உப்பிச் சுருண்டு கிடக்கிற ஒருத்தரை என் செவ்வாய்க்கிழமைக்காக உட்கார்த்தி வைத்திருக்கிறேனா? இந்தக் கேள்வி காலையிலிருந்து சட்டைக்குள் புகுந்த எறும்பு மாதிரி இடம் மாறி மாறிக் கடித்துக்கொண்டிருக்கிறது.

நஸ்ரின் பிள்ளை கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறது. “சார், எனக்குப் பக்கத்து ரூம்ல குழந்தைங்க இருக்கு. பன்னெண்டுக்கு வந்துடுறேன். சத்தம் வரலைன்னா பரவாயில்ல சார், ரெண்டு பேரும் மனசு கஷ்டப்படாதீங்க.” போய்விட்டது. கதவு முழுவதும் மூடவில்லை, இடுக்கில் கருத்தபாண்டியின் வேட்டி ஓரமும் ஒரு செருப்பும் தெரிகின்றன. வரலைன்னா பரவாயில்ல. அப்படிச் சொன்னால் வராது என்று அர்த்தம். சோடா பாட்டிலை எடுத்து இரண்டு டம்ளரில் ஊற்றுகிறேன். ஆவுடையம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மடமடவென்று குடிக்கிறார், சொன்னதைச் செய்வதில் ஒரு குறையும் கிடையாது, பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிற கை, நாளைக்கு ஆயிரம் என்றால் ஆயிரம் சுற்றுகிற ஆள், சோம்பல் என்பதே இல்லை. நானும் குடிக்கிறேன். இப்படிப் பாருங்க, என்று மார்பைக் காட்டிவிட்டு, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு அதன் மேலேயே ‘பா, பா, பா’ என்று ஏற்றிக் காட்டுகிறேன். திசையன்விளைக்காரர் இதைக் கேட்டதும் தொடையில் தட்டிக் கொண்டாடினார், உடனே தானும் ஒன்று விட்டார். ஆவுடையம்மா தலையைக் குனிகிறார். முந்தானை நுனி விரலில் சுற்றிக்கொள்கிறது. கால் விரல்கள் மடங்கித் தரையை அழுத்துகின்றன. சோடா உள்ளே வேலை செய்கிறது, வந்தே தீர வேண்டும், கழுத்து ஒரு தடவை ஏறி இறங்குகிறது, வருகிறது வருகிறது என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன், அவர் இரண்டு கையாலும் முந்தானையை வாயில் அழுத்திக் கண்ணை மூடி, விழுங்குகிறார். கண்ணோரத்தில் தண்ணீர். நான் வாயில் அழுத்திய அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். பார்க்கவில்லை. கேட்டேன். கேட்கவும் இல்லை.

கேட்காததுதான் அது. பெரியவள் பிறந்தபோது, பாளையங்கோட்டையில், மழை பெய்துகொண்டிருந்தது, பிரசவ வார்டுக்கு வெளியே ஐந்தாறு ஆண்கள் நின்றுகொண்டிருந்தோம், உள்ளே ஒவ்வொரு பெண்ணாகக் கத்துகிற சத்தம், வெளியே அவரவர் மனைவி சத்தத்தை அவரவர் அடையாளம் கண்டு முகம் வெளுக்கிறார்கள், நான் கிரேஸின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், வரவே இல்லை. விடிகிறபோது நர்ஸம்மா வந்து, “உங்க வீட்டம்மா சத்தமே போடல, சேலையக் கடிச்சிக்கிட்டு இருந்தாங்க, வெளிய ஆம்பளைங்க நிக்காங்கன்னு” என்றது. எனக்கு எவ்வளவு பெருமை. டீக்கடையில் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், மாமனார் வீட்டில் சொன்னேன், உங்க மக ஒரு சத்தம் போடல என்று, அவரும் பெருமையாகத் தலையாட்டினார். வெளியே நின்ற ஆம்பளை நான். என் காதில் விழக்கூடாது என்றுதான் அந்தச் சேலையைக் கடித்தாள். முப்பத்திரண்டு வருஷமாக அவளோடு ஒரே தட்டு ஒரே கூரை, அவள் ஏப்பம் விட்டு நான் கேட்டதுண்டா? நான் விடுவேன், இலையை மடித்ததும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி விடுவேன், அது சமைத்தவளுக்குப் பாராட்டு என்று நினைத்துக்கொள்வேன். அவள் விட்டதில்லை. கொட்டாவிக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படியானால் என் எதிரில் இருக்கிற இந்தம்மா, நாற்பத்தாறு வயதில், அந்நிய ஆம்பளை ஒருத்தன் முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு, ஏப்பம் விடு, இன்னும் பெரிதாக விடு என்கிறான், கதவுக்கு வெளியே புருஷன் இருக்கிறார், பதினோரு வாரமாக இந்தம்மா தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேனே, ஒவ்வொரு தடவையும் ஜெயித்துக்கொண்டல்லவா இருக்கிறார்? சின்ன வயதிலிருந்து பழகிய ஒன்றை ஒரு தடவைகூடத் தவறவிடாமல் செய்துகொண்டிருக்கிறார். நாக்கில் கோளாறு இல்லை, தாடையில் கோளாறு இல்லை, நான் வாரா வாரம் நாக்கைப் பற்றியே பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஏழு ஆண்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு எல்லாம் தெரியும் என்று உட்கார்ந்திருந்தேன். எனக்கு முகம் சுடுகிறது.

என்ன செய்வது? மன்னிப்புக் கேட்கலாமா, எதற்கென்று சொல்வது, அதைச் சொன்னாலே இன்னும் கூசிப்போவார். நஸ்ரின் பிள்ளையை அழைத்து நீயே சொல்லிக் கொடு என்று போய்விடலாம், அதற்கு இந்தச் சத்தம் போடத் தெரியாது, தெரிந்த பொம்பளை இந்த ஜில்லாவில் யாராவது இருக்கிறார்களா என்பதும் தெரியாது. எழுந்திருக்கிறேன். கதவை முழுவதும் சாத்துகிறேன், சாத்தியதும் அது வேறு மாதிரித் தெரியுமே என்று பயந்து தாழ்ப்பாள் போடாமல் விடுகிறேன். சீலிங் ஃபேனை ஐந்தில் வைக்கிறேன், அது கடகடவென்று சத்தம் போடுகிற பழைய ஃபேன், நல்லது, போடட்டும். என் நாற்காலியைத் தூக்கி, எதிர்ப்பக்கச் சுவரோடு போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். பின்னால் அவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாது, கோபித்துக்கொண்டேன் என்று நினைப்பாரோ? காற்றைச் சேர்த்து, ஒவ்வொரு துண்டாகச் சொல்கிறேன். “நான். பார்க்க. மாட்டேன்.” மறுபடி சேர்த்து, “திரும்ப. மாட்டேன்.” பிறகு இன்னும் ஒன்று, “நீங்க. தனியா. இருக்கீங்க.” ‘நா’வும் ‘னி’யும் மூக்கில் காற்று இல்லாமல் எப்படி விழுந்தனவோ. பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிடுகிறது. எழுந்து போகிறாரா? இல்லை, கதவுச் சத்தம் இல்லை. அவரும் திரும்பி உட்கார்கிறார் போல. முதுகும் முதுகுமாக இருக்கிறோம்.

என் எதிரில் சுவர். காதின் உள்ளமைப்பு என்று ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள், நத்தை மாதிரி ஒன்று சுருண்டிருக்கிறது. ஐந்து வருஷமாக இந்த அறைக்கு வருகிறேன், இந்தப் படத்தை இப்போதுதான் பார்க்கிறேன், எப்போதும் ஒருவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஃபேன் ஓடுகிறது. ஒன்றும் இல்லை. பார்க்காமல் எப்படிச் சொல்லிக் கொடுப்பது, நாக்கு தப்பான இடத்தில் இருந்தால் எனக்கு எப்படித் தெரியும், இது பாடமா, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு எவ்வளவு இருக்கிறது, கடிகாரம் பின்னால், திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் கழுத்துத் துளையின் மேல் கிரேஸ் என் பழைய வெள்ளைச் சட்டையில் தைத்த துணி மூச்சுக்கு மூச்சு எழும்பி அடங்குகிறது, அந்தச் சத்தம் எனக்கே கேட்கிறது, பின்னால் அவருடையதும் மெல்லக் கேட்கிறது, என்னுடையதைவிட வேகமாக. பிறகு அது நின்றது. மூச்சைப் பிடித்திருக்கிறார். ஏதோ விழுந்த மாதிரி, செருப்பு சிமெண்டில் உரசின மாதிரி, ஒரு சின்னச் சத்தம். ஃபேனா? நான் அசையவில்லை. மறுபடி. இந்தத் தடவை செருப்பு இல்லை. அடியிலிருந்து புரண்டு வந்து உதட்டில் உடைகிற சத்தம், எனக்குத் தெரியும், என் உடம்புக்குத் தெரியும், அது எழுத்தாகவில்லை, வெறும் ஏப்பம்தான், ஒரு பெண் தன் ஆயுளில் முதல் தடவையாக இன்னொரு ஆளின் காது கேட்க விட்ட ஏப்பம். கேட்டது என்று எப்படிச் சொல்வது, வாயால் சொன்னால் கூசும், நாற்காலிக் கையில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுகிறேன். கொஞ்சம் பொறுத்து, பின்னாலிருந்து இன்னொன்று. நான் தட்டுகிறேன். இன்னொன்று. தட்டுகிறேன். நான்காவது, ஐந்தாவது, பிறகு, உதடு சேர்ந்து, பிரிந்து, “பா.”

தட்ட மறந்துவிட்டேன். “பா”, என்று மறுபடி வருகிறது, நான் தட்டாததால் சந்தேகத்தோடு, சரியா தப்பா என்று கேட்கிற ‘பா’. அவசரமாகத் தட்டுகிறேன், இரண்டு தட்டு. பா. பா. டா. நான் டா சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, பதினோரு வாரமாக எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துத்தான் வைத்திருக்கிறார். கா. பா. பாட்டு. தப்பு. தப்பு, என்று அவரே சொல்கிறார், எது தப்பு என்று தெரியவில்லை, அந்த வார்த்தை சுலபமாக வருகிறது என்பதற்காகச் சொல்லிப் பார்க்கிறார். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். என் பேச்சை ஒரு தடவை கிரேஸ் தெரியாமல் போனில் பதிந்து மகளுக்கு அனுப்பியிருந்தாள், நான் போட்டுக் கேட்டேன், கிணற்றுக்குள் கல் உருட்டுகிற மாதிரி இருந்தது, பாதியிலேயே அழித்துவிட்டேன், இதையா ஊரெல்லாம் காதில் வாங்கிக்கொள்கிறது என்று இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போது அதே கல், அதே கிணறு, என் முதுகுக்குப் பின்னால் உருள்கிறது, அதில் எனக்கு அருவருக்க ஒன்றுமே கிடைக்கவில்லை. தேடிப் பார்க்கிறேன், இல்லை. கரகரப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, ஆனாலும் ஆம்பளை இல்லை, ஒரு பொம்பளை பேசுகிறது, அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நிறுத்துகிற இடமும் அழுத்துகிற இடமும் பொம்பளை. இப்படித்தான் கிரேஸுக்கும் கேட்டிருக்குமா? ஆறு வருஷமாக அவள் காதில் விழுவது கல் இல்லையா, நான்தானா?

பின்னால் மூச்சு இரைக்கிறது. களைத்துவிட்டார், போதும் இன்றைக்கு, என்று நான் சொல்லக் காற்றைச் சேர்க்கும்போது அவர் முந்திக்கொண்டார். “சாப்.” நிறுத்தம். காற்று வாங்குகிற சத்தம். “டாச்.” இன்னொரு நிறுத்தம். “சா?” அந்தக் கடைசி எழுத்தை மேலே தூக்கி, கொஞ்சம் இழுத்துக் கேட்டார். சாப்டாச்சா? நான் கொடுத்த வார்த்தை இல்லை அது. ஏழு பேரும் நான் ‘பட்டு’ என்றால் பட்டு என்பார்கள், ‘கப்பல்’ என்றால் கப்பல் என்பார்கள், நான் ஒரு அட்டை எழுதி வைத்திருக்கிறேன், அதிலிருக்கிற முப்பது வார்த்தையையும் திருப்பிச் சொன்னால் பாடம் முடிந்தது. என்னிடம் யாரும் இங்கே எதையும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி ஒரு வார்த்தைகூட என் அட்டையில் கிடையாது, எனக்குத் தோன்றவே இல்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலை ஏழரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினேன், அவசரத்தில் ஒரு டீ, அதற்கு மேல் ஒன்றும் இல்லை, இதைக் கவனித்தவர் யாருமில்லை, நான் உள்பட. பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், காற்று வரவில்லை. உதடு சேர்கிறது, நாக்கு ஒட்டுகிறது, வரவில்லை. அவர் காத்திருக்கிறார். முடித்துவைக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை, முதுகுக்குப் பின்னால் அப்படியே காத்திருக்கிறார்.

கதவு திறந்தது. கருத்தபாண்டியின் செருப்பு ஓரடி உள்ளே வந்து நின்றது. ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற எங்களை அவர் எப்படிப் பார்த்தாரோ, நான் திரும்பவில்லை. “அண்ணாச்சி,” என்றார், குரல் ஒரு மாதிரி இருந்தது. “இப்ப சாப்டாச்சான்னு கேட்டது ஆவுடையா?” பதிலுக்கு நிற்காமல் அவரே சொன்னார். “வெளிய பஞ்சாயத்துப் பேசுத மாதிரி நூறு சத்தம் கெடக்கு, அதுக்குள்ள கேட்டுச்சு. அவதான் அந்த ‘ச்சா’வ அப்பிடி இழுப்பா. வயலுக்குப் போயிட்டு வந்தா வாசல்லயே கேப்பா. ஏ ஆவுடை, நீயா கேட்ட?” எனக்குப் பின்னால் ஒரு மூச்சு, உதடு சேர்கிற சின்ன ஓசை. “பொறு,” என்றது அந்தக் குரல், அவரிடம். அதட்டல்தான். அவர் பொறுத்தார், பை கையில் கசங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அது எனக்காகச் சொன்னது, நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதற்காக. நான் ஃபேனை, கடிகாரத்தை, அறுப்பை எல்லாம் விட்டுவிட்டு, முதல் நாள் வந்த ஆள் மாதிரி நாக்கை மேலே ஒட்டி, காற்றைத் தள்ளி, அது புரண்டு வரும்வரை காத்திருந்து சொன்னேன். “இன்னும். இல்ல.”

“அட, அதுக்கென்ன,” என்று கருத்தபாண்டி மேஜையில் பையை வைத்துத் தூக்குவாளியைத் திறந்தார். “புளிச்சோறுதான் அண்ணாச்சி, அவ கட்டுனது. மூணு பேருக்குக் காணும்.” மூடி கழன்றதும் அவர் மூக்கை உறிஞ்சினார், எனக்கு அந்த வாசனை வராது, இருந்தாலும் வாயில் நீர் ஊறியது. அடுத்த செவ்வாய்க்கிழமையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ஒரு நாற்காலி தரையில் உரசித் திரும்பியது, முழுவதுமாக, என் பக்கம்.